பதினைந்து கிலோ

மெலோடியன், பெட்டியோடு, ஒன்பது கிலோ இருநூறு.
மீதி ஐந்து கிலோ எண்ணூறுக்குள்
ஒரு கூடாரமும், சேற்றுக்கான பூட்ஸும்,
என் நாற்பத்தாறு வயதும் அடங்க வேண்டும்.
மோராக் வீட்டுத் தராசு மாவு நிறுக்கத்தான்.
ஆனாலும் காலுறைகளை ஒவ்வொன்றாக
அதில் வைத்துப் பார்த்தோம்,
கிளாஸ்கோவில், மழை பெய்த ஒரு செவ்வாய் இரவில்.

விழா தெற்கு யூயிஸ்ட் தீவில்.
கடலோரப் புல்வெளியில் வெள்ளைப் பந்தல்,
சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் முறை.
அந்தத் தீவில் விமானம் இறங்காது.
மேலே ஒரு தீவு, கீழே ஒரு தீவு,
வெகு மேலே இன்னொன்று.
"எதில் இறங்கப் போகிறாய்?"
பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி கேட்டாள்.
அவள் வரவில்லை. கூட்டமும் மழையும்
ஒரே நாளில் அவளுக்கு ஆகாது.

ஸ்டோர்னவே மலிவு.
பிறகு இரண்டு பேருந்து, ஒரு படகு, மறுபடியும் பேருந்து.
அதுகூடப் பரவாயில்லை.
விமான நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்
என் தங்கை பெய்கி இருக்கிறாள்.
அம்மாவின் வீட்டை விற்றுப் பங்கு பிரித்ததிலிருந்து
கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்து மட்டும்.
பார்க்காமல் போனால் ஊர் பேசும்.
பார்த்தால்
நாங்கள் பேச வேண்டும்.

பென்பெகுலா பக்கம்.
இறங்கினால் அரை மணி நேரச் சாலை,
நடுவே கடல்மேல் போட்ட கல்பாதை.
அங்கே தீயணைப்பு வண்டி ஓட்டுபவன் ரூரி.
சின்ன நிலையம்; தீ பிடிக்காத நாளில்
பெட்டி இறக்குபவனும் அவனேதான்.
பன்னிரண்டு வருடம் என் கணவன்.
இந்தப் பெட்டியை இருட்டிலும் கண்டுபிடிப்பான்,
அறுந்த கைப்பிடியைத் தைத்துத் தந்தவன்.

மிச்சம் பாரா.
அங்கே ஓடுபாதை என்பது கடற்கரை மணல்தான்.
நாளுக்கு இரண்டு முறை கடல் வந்து படுத்துக்கொள்ளும்.
வானம் பார்த்த பூமி கேள்விப்பட்டிருக்கிறோம்.
இது ஓதம் பார்த்த ஓடுபாதை:
நேரம் குறிப்பது நிலா,
டிக்கெட் விற்பது மட்டும் கம்பெனி.
மற்றதைவிட நூற்று நாற்பது பவுண்டு கூடுதல்.
அங்கே என்னைத் தெரிந்தவர் யாருமில்லை,
கிளிஞ்சல் தோண்டுபவர்கள் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்கள்.

"பாரா" என்றேன்.
"நூற்று நாற்பது கொடுத்து
ஒருத்தனைப் பார்க்காமல் வரப் போகிறாய்."
"ஒருத்தியையும். தலைக்கு எழுபது.
மலிவுதான், மோராக்."

சனிக்கிழமை.
பத்தொன்பது இருக்கை, கதவில்லாத விமானி அறை,
சவரக் கத்தி பட்ட அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன்.
கீழே பாரா இல்லை.
மூடுபனி மணலைத் தின்றுவிட்டு
கடலில் கை கழுவிக்கொண்டிருந்தது.
இரண்டு சுற்று. மூன்றாவதற்கு ஓதம் விடாது.
விமானி ஒலிபெருக்கியைத் தேடவில்லை,
தலையை மட்டும் திருப்பி,
கடையில் சில்லறை இல்லை என்பதுபோல்,
"பென்பெகுலா" என்றார்.

சாய்ந்த மழை. மஞ்சள் மேல்சட்டை.
எல்லாப் பைகளுக்கும் முன்னால் அதைத்தான் எடுத்தான்.
கையில் தூக்கிப் பார்த்தான்.
"ஒன்பது இருக்குமா?"
"ஒன்பது இருநூறு."
"அந்த இருநூறு என் நூல்."
பிறகு பெட்டியிடம் சொல்வதுபோல்:
"பேருந்து போய்விட்டது.
எனக்கு ஐந்தரைக்கு வேலை முடியும்."

அவன் காரின் பின் இருக்கையில்
ஒரு குழந்தை நாற்காலி.
எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
அதில் ஒட்டியிருந்த உலர்திராட்சையை அவன் அவசரமாகத் தட்டிவிட்டான்.
பெயர் கேட்கவில்லை நான்.
மெலோடியனை அதில் உட்காரவைத்து
வாரைப் பூட்டினேன்.
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

கல்பாதையில் வண்டி ஏறிக் குலுங்கியபோது
பெட்டிக்குள்ளிருந்து,
கட்டு தளர்ந்திருக்க வேண்டும்,
நீளமாக ஒரு சுரம் வந்தது.
இரண்டு பேருமே
திரும்பிப் பார்த்தோம்.